சுகர் இல்லை என்றார்கள்

பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த அறையில், முன்பின் தெரியாத ஒரு மாணவியின் தண்ணீர் பாட்டிலை எடுத்து நான் குடித்துவிட்டேன்.

வேறு ஒரு பள்ளியில் எனக்கு அறைக் கண்காணிப்பு போட்டிருந்தார்கள். கையில் கொண்டுபோன ஒரு லிட்டர் தண்ணீர் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. பக்கத்து அறை டீச்சரைக் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்துவிட்டு இரண்டு முறை கழிப்பறைக்கும் போய் வந்துவிட்டேன். மூன்றாவது முறை கேட்க வாய் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எச்சில் விழுங்கலாமென்றால் எச்சிலும் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் குனிந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவள் மேசை ஓரத்தில் முக்கால் பாட்டில் தண்ணீர் இருந்தது. நடந்து போனேன், எடுத்தேன், அண்ணாந்து குடித்தேன். கீழே வைக்கும்போதுதான் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"பரவால்ல மிஸ், இன்னும் குடிங்க" என்றாள்.

என் இருபத்திரண்டு வருட ஆசிரியர் வேலையில் எந்தப் பிள்ளையிடமும் ஒரு பேனாவைக்கூடக் கேட்காமல் வாங்கியது கிடையாது. மீதித் தேர்வு நேரம் முழுக்க நான் அந்த வரிசைப் பக்கமே போகவில்லை.

அதற்கு ஆறேழு மாதம் முன்பே எல்லாம் ஆரம்பித்திருந்தது. எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறேன். தினமும் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். பழகிய பாடு என்பதால் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் முதலில் களைப்பு வந்தது. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது வேகும் வரை நிற்க முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொள்வேன். பிறகு தாகம். அதன் பின்னாலேயே தலைசுற்றல். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் வகுப்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக நேராகும்.

யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்விதான். "சுகர் பாத்தியா?"

பார்த்தேன். வெறும் வயிற்றில், சாப்பிட்ட பிறகு, மூன்று மாதச் சராசரி. எல்லாம் நார்மல். லேபில் இருந்த பெண் "உங்களுக்கு சுகர் இல்ல மேடம்" என்று சிரித்தபடி காகிதத்தை நீட்டினாள். நானும் சிரித்தேன். ஆனால் படி இறங்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சுகர் என்றால் ஒரு பேர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, இதைச் சாப்பிடாதே என்று சொல்ல ஒரு பட்டியலாவது இருக்கிறது. ஒரு மாதம் கழித்து இன்னொரு லேபில் மறுபடி பார்க்கலாமென்று அன்று மாலையே முடிவு செய்தேன். பார்க்கவும் செய்தேன். அங்கேயும் சுகர் இல்லை என்றார்கள்.

எங்கள் தெரு டாக்டர், "வயசு நாப்பத்தாறு ஆகுது. மாதவிலக்கு நிக்கிற நேரம். எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்றார். ரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டதில் ஏற்கெனவே இருந்த மலச்சிக்கல் இரண்டு மடங்கானது. காது டாக்டர் ஒருவர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையைப் பிடித்துச் சட்டென்று பின்னால் சாய்த்துக் கண்ணை உற்றுப் பார்த்தார். காதில் கோளாறு தெரியவில்லை, ஆனாலும் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள் என்றார். தைராய்டு பார்த்தோம். நார்மல். இதயப் படம் எடுத்தோம். நார்மல். இன்னொரு டாக்டர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. படபடப்புக்கு ஒரு மாத்திரை எழுதினார். இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். தூக்கத்தோடு பஸ்ஸில் நிற்க முடியவில்லை.

பஸ்தான் எனக்குப் பெரிய சோதனை. தண்ணீர் குடித்தால் அரை மணிக்கொரு முறை கழிப்பறைக்குப் போக வேண்டும். குடிக்காவிட்டால் தலை சுற்றும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு முறை, பஸ் நிலையத்துக் கழிப்பறையில் ஒரு முறை, அப்புறம் சிதம்பரம் போகிற வரை ஒரு மடக்குகூடக் குடிக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்தேன். ஆலப்பாக்கம் தாண்டும் முன்பே தொண்டை காயும். மடியில் இருக்கிற பையில் பாட்டில் இருக்கும். கை தானாக அதைத் தேடும். ஒரு நாள் தாங்க முடியாமல் குடித்துவிட்டு, புதுச்சத்திரம் பக்கம் வயிறு முட்டிக்கொண்டு, நடுவழியில் விசிலடிக்கச் சொல்லி இறங்கினேன். சாலையோர பெட்ரோல் பங்க் ஒன்றில் போய் நின்று, "கக்கூஸ் சாவி குடுங்க" என்று கேட்டேன். அங்கே இருந்தவர் என் புடவையையும் கைப்பையையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அடுத்த பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போனபோது முதல் பீரியட் முடிந்திருந்தது. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு, கழிப்பறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கொஞ்ச நாள் ரயிலில் போனேன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு விடிந்தும் விடியாமலும் ஓட வேண்டியிருந்தது. அந்த ஓட்டத்துக்கு உடம்பில் தெம்பு இல்லை. மறுபடி பஸ்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை மகன்தான், மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர வேறு பேச்சுத் தெரியாத மனுஷன். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆரம்பத்தில் எல்லா டாக்டரிடமும் கூடவே வந்தார். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பஞ்ச் பண்ணி ஃபைலில் கோத்தார். பிறகு ஒரு நாள் வேலையிலிருந்து வரும்போது கையில் ஒரு பெரிய டப்பா.

"எங்கூட வேலை செய்றவரு சம்சாரத்துக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சாம். கால்சியம் போட்ட பொறவு சரியாப்போச்சாம். பொம்பளைங்களுக்கு இந்த வயசுல எலும்பு தேஞ்சிடுமாம். மெடிக்கல்லயும் கேட்டேன், ஒண்ணும் பண்ணாது, தெம்பா இருக்கும்னாங்க."

அன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாரத்துக்கு ஒரு முறை பாலில் கலக்கிக் குடிக்க ஒரு வைட்டமின் டி பவுடர். நான் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். மாத்திரையைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்து, நான் விழுங்கும் வரை நிற்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை இவ்வளவு கவனித்தது பிரசவ சமயத்தில் மட்டும்தான். அதனால் மறுக்கவும் தோன்றவில்லை.

எனக்கோ நாளுக்கு நாள் மோசமானது. ஓர் இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் படுக்கத் தோன்றும், படுத்தால் கால் குடையும். வகுப்பில் சொல்லிக்கொண்டே வந்த வாக்கியம் பாதியில் மறந்து போகும். ஸ்டாஃப் ரூமில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவேன். என் நாத்தனார் கம்மாபுரத்திலிருந்து போன் செய்து, "வேலைய உட்டுட்டு நிம்மதியா வூட்ல கிட, எல்லாம் சரியாப்பூடும்" என்றாள். போனைக் கட்டிலில் வீசினேன். அது எகிறிக் கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது.

தேர்வு அறையில் அந்தப் பெண்ணின் பாட்டிலை எடுத்துக் குடித்ததை அன்று சாயந்திரமே மாமாவிடம் சொன்னேன். அவர் ஃபைலைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

"இதுல இல்லாத டெஸ்ட்டு இன்னா இருக்கு சொல்லு. எல்லாமே நார்மல். இதுக்கு மேல நான் இன்னா பண்ணணும்?"

"நார்மல்னு பேப்பர்தான் சொல்லுது மாமா. நான் சொல்லல."

"அப்போ டாக்டருங்க எல்லாம் முட்டாளா?"

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறியா நீ?"

அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்கே சந்தேகம் வந்திருந்தது. ஒருவேளை நான்தான் எதையோ கற்பனை செய்துகொள்கிறேனோ? கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பேன். வறண்டு, வெடித்து இருக்கும். இது கற்பனையாக இருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

தேர்வெல்லாம் முடிந்து விடைத்தாள் திருத்தும் பணிக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம் சிதம்பரம் பஸ் நிலையத்தில் விழுந்தேன். மயக்கம் மட்டும் இல்லை. முதுகில் வலப்பக்கம் யாரோ கத்தியைச் சொருகித் திருப்புவது போல ஒரு வலி. அப்படியே வாந்தி. என்னோடு வந்த கணக்கு டீச்சர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், "அக்கா, அக்கா" என்று கத்தியதும், பக்கத்தில் நின்ற ஆட்டோவில் ஏற்றியதும் நினைவிருக்கிறது. அண்ணாமலை நகர்ப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அவசரப் பிரிவில் இருந்தது பயிற்சி முடிக்கிற பருவத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெண் டாக்டர். என் மாணவிகளில் ஒருத்தி என்று சொன்னாலும் நம்பலாம். வலிக்கு ஊசி போட்டு, ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். சிறுநீரகத்தில் இரண்டு கல். ஒன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "கல்லுதான்க்கா, சரியாயிடும்" என்று கணக்கு டீச்சர் பெருமூச்சு விட்டாள். ஆனால் அந்தச் சின்ன டாக்டர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், இதுக்கு முன்னாடி ஒடம்புக்கு என்னென்ன பண்ணுச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க."

மொதல்லேருந்து சொல்லுங்க என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொன்னேன். களைப்பு, தாகம், சுற்றல், பெட்ரோல் பங்க் வரை சொன்னேன். அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை. பிறகு, "இப்போ போட்டுட்டிருக்கிற மாத்திரை எல்லாத்தையும் காட்டுங்க" என்றாள். கைப்பையைத் திறந்து கட்டில்மேல் கொட்டினேன். அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவள் ஒன்றில் நின்றாள்.

"இந்தக் கால்சியம் யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. நாங்களா வாங்கினது."

"எவ்ளோ நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

என் ஃபைலை வாங்கினாள். பையில் எப்போதும் வைத்திருப்பேன். அதை ஒரு முறை முழுக்கப் புரட்டினாள். மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். "எல்லாம் இருக்கு. ரத்தத்துல கால்சியம் எவ்ளோன்னு மட்டும் யாருமே பாக்கல" என்றாள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

ஊசியில் ரத்தம் எடுத்துக்கொண்டு அவளே லேபுக்குப் போனாள். சாயந்திரம் ரிசல்ட்டோடு வந்தபோது கூடவே பெரிய டாக்டரும் வந்தார். பத்தரைக்குள் இருக்க வேண்டிய கால்சியம் எனக்குப் பதிமூன்றை எட்டியிருந்தது. கையில் ஊசி குத்தி பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள். பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டுப் போன பிறகு, சின்ன டாக்டர் ஒரு காகிதத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்றை வரைந்து, அதன் பின்பக்கம் நான்கு புள்ளி வைத்தாள்.

"இது தைராய்டு. இது பின்னாடி துளித்துளியா நாலு சுரப்பி இருக்கு மேடம். பாராதைராய்டு..."

"ரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்துகிறது" என்று நான் முடித்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன வேலை செய்றீங்க மேடம்?"

"சயின்ஸ் டீச்சர்."

நாளமில்லாச் சுரப்பிகள் என்ற பாடத்தில் அது நாலு வரி. பரீட்சையில் வந்தால் இரண்டு மார்க். வருடா வருடம் அதை நான் நடத்தியிருக்கிறேன். தைராய்டுக்கும் கணையத்துக்கும் நேரம் எடுத்துக்கொண்டு, இதற்கு வரும்போது பெல் அடிக்கப்போகிறது என்று, "இதை அடிக்கோடு போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கடந்து போவேன். இத்தனை மாதமாக என் கழுத்துக்குள்ளேயே அது நடந்துகொண்டிருந்தபோதும் எனக்கு அந்த நாலு வரி ஞாபகம் வரவில்லை. கட்டிலில் படுத்தபடி சிரித்தேன். கணக்கு டீச்சர் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். ஒரு நோய் இருக்கிறது என்று தெரிந்ததற்காக ஒருத்தி சந்தோஷப்படுவாளா என்று கேட்டால், நான் பட்டேன்.

மாமா கடலூரிலிருந்து வந்து சேர இருட்டத் தொடங்கியிருந்தது. சின்ன டாக்டர் அவரிடம் பொறுமையாக விளக்கினாள். நாலு சுரப்பியில் ஏதோ ஒன்று வீங்கிப்போய், எலும்பிலிருக்கும் கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் கொட்டுகிறது. அதனால்தான் தாகம், அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதில் உடம்பிலிருக்கிற தண்ணீரெல்லாம் போய்த்தான் தலைசுற்றல். கல்லும் அதனால்தான். "அதுக்கு மேல மாத்திரை வேற போட்டதுல ஜாஸ்தியாயிடுச்சு. இனிமே தொடக் கூடாது" என்றாள்.

மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவள் போனதும் எழுந்து வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. நான் சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை போய்ப் பார்த்தேன். வராந்தா கடைசியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"மாமா."

"நாலு மாசமா நானே எங்கையால குடுத்திருக்கேன்" என்றார். திரும்பவில்லை. "நின்னு, நீ முழுங்குறியான்னு பாத்துப் பாத்துக் குடுத்திருக்கேன்."

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். மாத்திரைக்காக இல்லை. மேசைமேல் ஃபைலைப் போட்ட அந்தச் சாயந்திரத்துக்காக. அதை அப்போதே சொல்லியும்விட்டேன். "மாத்திரை குடுத்தத நான் தப்பா நெனைக்கல. என்ன நம்பாததுதான் கஷ்டமா இருந்துச்சு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பயமா இருந்துச்சு. எல்லாம் நார்மல்னு வரவர ஜாஸ்தி பயமா இருந்துச்சு" என்றார். சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு என்னோடு கட்டில் வரை வந்தார்.

அதற்குப் பிறகும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்தச் சுரப்பியின் ஹார்மோனைப் பார்க்கிற டெஸ்ட் ரிசல்ட்டுக்கு மூன்று நாள். எந்தச் சுரப்பி என்று கண்டுபிடிக்கிற ஸ்கேனுக்குப் பாண்டிச்சேரி போக வேண்டும். அங்கே தேதி கிடைக்க இரண்டு வாரம். அறுவை சிகிச்சைக்கு இன்னும் மூன்று வாரம். அந்த நாட்களில் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து மொட்டை மாடி. கழுத்தைத் திறக்கப் போகிறார்கள், குரல் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று சர்ஜன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். டீச்சருக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? குளியலறையில் தனிமங்களின் குறியீடுகளை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். மகள் லீவு போட்டு வந்தாள். நான் சொல்வதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "அம்மா, சோடியத்த உட்டுட்ட" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் முதலில் என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். குரல் கரகரவென்று இருந்தது, ஆனால் இருந்தது. எடுத்ததை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மாமாவிடம் காட்டியிருக்கிறார்கள். "வேர்க்கடல சைஸ் கூட இல்ல" என்றார் அவர், நம்ப முடியாமல். மறுநாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல மதமதப்பு. விரல் நுனிகளும் மரத்தன. இத்தனை நாள் எலும்பு இழந்ததையெல்லாம் இப்போது ரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று சொல்லி, சில வாரத்துக்குக் கால்சியம் மாத்திரை எழுதினார்கள். நர்ஸ் அந்த அட்டையை நீட்டியபோது மாமா வாங்கவில்லை. சர்ஜன் வந்து தன் வாயால் சொன்ன பிறகுதான் கையில் தொட்டார்.

ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் காலையில் மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. ஆயாம்மா வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டிபன் சாப்பிட்டேன், மகளோடு பேசிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் படுத்தேன். பதினோரு மணிக்குப் பார்த்தால் தம்ளர் அப்படியே நிறைந்திருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு கல் இன்னும் சிறுநீரகத்தில் இருக்கிறது. எலும்பு பழைய பலத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். கழுத்தில் மெல்லிய ஒரு கோடு. பிள்ளைகள் முதல் வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது பார்ப்பதில்லை.

போன வாரம் விளையாட்டு விழா. நாள் முழுக்க வெயிலில் நின்று, ஓட்டப் பந்தயத்துக்குக் கொடி அசைத்து, சாயந்திரம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்தபோது உடம்பு அப்படியே கனத்தது. மறுபடியுமா? நாக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாளே லேபுக்குப் போய்க் கால்சியம் பார்த்தேன். ஒன்பதரை. லேபில் இருந்த பெண் காகிதத்தை நீட்டி, "இது ஏன் மேடம் பாக்கச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல" என்றேன். "நேத்து ரொம்ப டயர்டா இருந்துச்சு."

"எனக்கும்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.